ஈறு இறங்கினால் பல் விழுந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 36. மேல்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல்லும் அதற்கு அடுத்த இரண்டு பற்களும் முன்பைவிட நீளமாகத் தெரிகின்றன. ஈறு ஓரத்தில் மஞ்சளாக ஒரு பட்டை இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது. கீழ்வரிசை முன்பல் ஒன்றிலும் நடுவில் மட்டும் ஈறு கூராக இறங்கியிருக்கிறது. 18 வயதில் கிளிப் போட்டுப் பற்களை வரிசைப்படுத்தினேன். கீழ்ப்பற்களின் பின்னால் ஒட்டிய கம்பி இன்னும் அப்படியே இருக்கிறது. தினமும் இரண்டு வேளை, சில நாள் மூன்று வேளையும், நன்றாக அழுத்தித்தான் தேய்ப்பேன். ரத்தம் வந்ததில்லை. புகைப்பழக்கம் இல்லை. ஒரு பல் மருத்துவர், கிளீனிங் செய்துகொண்டு கூச்சத்துக்கான பேஸ்ட்டைப் பயன்படுத்தினால் போதும் என்றார். இன்னொருவர் நான்கு பற்களுக்கும் ஈறு ஒட்டு அறுவை சிகிச்சை செய்யவேண்டும் என்கிறார். கிளீனிங் செய்தால் ஈறு இன்னும் இறங்கும், பல் ஆட ஆரம்பித்துவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். அம்மாவுக்கு 50 வயதுக்குள் பல பற்கள் ஆடி விழுந்துவிட்டன. எனக்கும் அப்படி ஆகுமா? ஈறு திரும்ப வளர வழி உண்டா? படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதையும் படத்தையும் வைத்துப் பார்த்தால், இந்த ஈறு இறக்கத்தால் மட்டும் உங்கள் பற்கள் விழப்போவதாகத் தெரியவில்லை. அதே நேரம், இறங்கிய ஈறு தானாகத் திரும்பி வராது. எந்தப் பேஸ்ட்டாலும் வராது, எந்த ஜெல்லாலும் வராது, விரலால் நீவிவிட்டாலும் வராது. எனவே இப்போது தெரிய வேண்டியது ஒன்றுதான்: உங்கள் ஈறு இறங்கி நின்றுவிட்டதா, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதா?

இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னதால் குழம்பியிருக்கிறீர்கள். ஆளுக்கொரு கருத்து சொல்வதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் அந்த இருவரில் யாரும் ஒவ்வொரு பல்லிலும் ஈறை அளந்து எண்ணைக் குறித்துக் கொடுத்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அளக்காமல் 'ஒன்றுமில்லை' என்றாலும் சரி, அளக்காமல் 'நான்கு பல்லுக்கும் ஆபரேஷன்' என்றாலும் சரி, இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

பல்லில் வெளியே தெரியும் பகுதிக்கு எனாமல் என்ற கடினமான உறை உண்டு. வேருக்கு அது கிடையாது. சிமென்டம் என்ற மிக மெல்லிய படலம்தான் இருக்கிறது, அதுவும் வெளியே வந்துவிட்டால் சீக்கிரம் தேய்ந்து போகும். நல்ல நிலையில் இருக்கும் வாயில், எனாமல் முடியும் கோட்டை ஈறு மூடியிருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டி ஈறு விலகும்போது வேர் வெளியே வருகிறது. நீங்கள் பார்க்கும் மஞ்சள் பட்டை அந்த வேர்தான். அது கறையில்லை. கறை என்று நினைத்து அந்த இடத்தையே குறிவைத்து மேலும் அழுத்தித் தேய்ப்பவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஈறு மட்டும் தனியாக விலகுவதில்லை. அடியில் எலும்பு இல்லாத இடத்தில்தான் விலகும். பல்லின் உதட்டுப்பக்கத்தில் வேரை மூடியிருக்கும் எலும்பு, பலரும் நினைப்பதைவிட மெல்லியது. முன்பற்களிலும் கோரைப்பற்களிலும் பல இடங்களில் 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. வேர் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருந்தால், அந்த இடத்தில் எலும்பே இல்லாமல் ஈறு மட்டுமே வேரைப் போர்த்தியிருக்கும். அந்த நிலையிலேயே ஒருவர் ஆண்டுக்கணக்கில் எந்தத் தொல்லையும் இல்லாமல் இருக்கலாம். ஈறும் மெல்லியதாக அமைந்து, அதன்மேல் தினமும் ஏதோ ஒன்று உரசவோ, அழுக்கு படிந்து வீங்கவோ ஆரம்பித்தால் அங்கே ஈறு நிற்காது.

ஈறின் தடிமன் பெரும்பாலும் பிறவியில் வருவது. அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் அளவுகோல் கம்பியை மெதுவாக நுழைத்துப் பார்ப்போம். ஈறு வழியாகக் கம்பியின் நிழல் தெரிந்தால் மெல்லிய ஈறு, தெரியாவிட்டால் தடித்த ஈறு. 'பரம்பரையா?' என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், இந்தத் தடிமன் பரம்பரையாக வரலாம் என்பதுதான். இறக்கம் அப்படியே சொத்து மாதிரி கைமாறி வருவதில்லை.

காரணங்களுக்கு வருவோம். ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரின் குழு 1969 தொடங்கி ஏறக்குறைய 20 ஆண்டுகள் இரண்டு கூட்டத்தாரின் வாயைத் தொடர்ந்து பார்த்துவந்தது. ஒரு கூட்டம் நார்வேயில் படித்த, தினமும் பல் துலக்குகிற, சிறு வயதிலிருந்தே பல் மருத்துவரிடம் போய்வருகிற ஆண்கள். இன்னொன்று இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். பல் மருத்துவமும் பிரஷும் எட்டாதவர்கள். ஈறு இறக்கம் பற்றிய பகுதி 1992இல் வெளிவந்தது. பல்லை நன்றாகப் பராமரித்த நார்வேக்காரர்களிலேயே 20 வயதில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு எங்காவது ஓரிடத்தில் ஈறு இறங்கியிருந்தது. 50 வயதில் 90 சதவீதத்தைத் தாண்டியது. தேயிலைத் தொழிலாளர்களில் 40 வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருந்தது. எண்களைவிட முக்கியம், எந்த இடத்தில் இறங்கியது என்பது. நார்வேயில் பெரும்பாலும் பல்லின் வெளிப்பக்கத்தில் மட்டும். இலங்கையில் வெளிப்பக்கம், நாக்குப்பக்கம், பல் இடுக்கு என்று எல்லாப் பக்கமும்.

ஈறு இறக்கத்தைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். வெளிப்பக்கம் மட்டும் இறங்கி, பற்களுக்கு இடையிலுள்ள ஈறு முக்கோணங்கள் முழுசாக இருந்தால் அது ஒரு கதை. இடுக்கு ஈறே கரைந்து, பற்களுக்கு நடுவில் கறுப்பு முக்கோணங்களாக இடைவெளி தெரிந்தால் அது வேறு கதை. முதலாவதில் சந்தேகம் பிரஷ் மீதும் பல் நிற்கும் இடத்தின் மீதும் போகும். இரண்டாவது, எலும்பைத் தின்னும் ஈறு நோய்.

உங்கள் படத்தில் மேல்வரிசை இடுக்கு ஈறுகள் முழுசாக இருக்கின்றன. நிறமும் இளஞ்சிவப்பு, வீக்கம் தெரியவில்லை. இடப்பக்கக் கோரைப்பல்லும் அதன் பின்னால் உள்ள பற்களும் என்றதுமே எனக்கு நீங்கள் வலதுகைக்காரர் என்று தோன்றியது. வலது கையில் பிரஷ் பிடிப்பவர்கள் பலருக்கு இடப்பக்கம் வாட்டமாக அகப்படும். வாய்வளைவு திரும்பும் இடத்தில் கோரைப்பல் துருத்தி நிற்பதால் முழு அழுத்தமும் அதன் மேல்தான் விழும். இது ஊகம்தான். ஆனால் 'நன்றாக அழுத்தித்தான் தேய்ப்பேன்' என்று நீங்களே எழுதியிருப்பதால் துணிந்து சொல்கிறேன்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். கையைக் கழுவிவிட்டு, ஈறு ஓரத்திலிருந்து பல் நுனி நோக்கி நகத்தால் மெதுவாக வருடுங்கள். நடுவில் ஒரு படியில் நகம் தட்டினால், அங்கே வேர் தேய்ந்து ஆப்பு வடிவத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். குறுக்குவாட்டில் இழுத்துத் தேய்ப்பவர்களின் வாயில் இதை அடிக்கடி பார்க்கலாம். இன்னொரு தடயம் உங்கள் பழைய பிரஷ். வாங்கி ஒரு மாதத்துக்குள் அதன் முட்கள் இரண்டு பக்கமும் விரிந்து படுத்துவிட்டால், அவ்வளவு அழுத்தமும் தினமும் ஈறின் மேல் இறங்கியிருக்கிறது.

ஒன்றை இங்கே பிரித்துச் சொல்லவேண்டும். ஈறைப் புண்ணாக்குவது கடினமான முட்களும் அழுத்தமும். வேரைத் தேய்ப்பதோ பெரும்பாலும் பேஸ்ட். பேஸ்ட்டே இல்லாத வெறும் பிரஷால் வேர் அவ்வளவாகத் தேயாது. அதில் உள்ள மெருகூட்டும் பொடிதான் அரம். பேஸ்ட்டின் அரிக்கும் திறனுக்கு ஆர்.டி.ஏ. என்று ஓர் எண் உண்டு. சர்வதேசத் தரம் 250 வரை அனுமதிக்கிறது. கூச்சத்துக்கான பேஸ்ட்டுகளில் இந்த எண் பொதுவாகக் குறைவு, வெண்மையாக்கும் பேஸ்ட்டுகள் பலவற்றில் அதிகம். பெட்டியில் இதை அபூர்வமாகத்தான் அச்சிடுகிறார்கள் என்பது எரிச்சலான விஷயம். எனவே வெண்மையாக்கும் பேஸ்ட், கரித்தூள் கலந்த பேஸ்ட், சொரசொரப்பான பல்பொடி எதுவும் உங்களுக்கு வேண்டாம்.

கீழ்வரிசை முன்பல்லை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று நினைக்கிறேன். இரண்டு மருத்துவர்களும் நான்கு பற்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். என் அபிப்பிராயத்தில் உங்கள் வாயில் இரண்டு தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. கிளிப் போட்டு நகர்த்தும்போது பல் தன் எலும்புக் கூட்டுக்குள் இருக்கும்வரை ஈறுக்கு ஆபத்தில்லை. கீழ் முன்பற்களை உதடு நோக்கித் தள்ளினால் வேர் அந்தக் கூட்டை விட்டு வெளியே எட்டிப்பார்க்கும். விளைவு உடனே தெரியாது, சில சமயம் ஆண்டுகள் கழித்துத்தான் ஈறு விலகும். அதைவிட முக்கியம் அந்தப் பின்கம்பி. பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்கத்தான் அதை ஒட்டுகிறார்கள். ஆனால் முறுக்குக் கம்பி நாளடைவில் கொஞ்சம் வளைந்தாலோ, ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டுப்போனாலோ, பிடித்துவைக்கவேண்டிய கம்பியே ஒரு பல்லை மெல்லத் திருப்ப ஆரம்பிக்கும். பல்லின் நுனி இருந்த இடத்தில் இருக்க, வேர் மட்டும் உதட்டுப்பக்கம் சாயும். நுனி நகராததால் கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. ஒரே ஒரு கீழ்ப்பல்லில், அதுவும் நடுவில் கூராக ஈறு இறங்கியிருந்து, பின்னால் பழைய கம்பியும் இருந்தால் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும்.

விரல் நுனியைக் கீழ் ஈறின் வெளிப்பக்கத்தில் வைத்து, பல் பல்லாக மெதுவாகத் தடவிப் பாருங்கள். அந்த ஒரு பல்லின் வேர் மட்டும் மற்றவற்றைவிடப் புடைத்துக்கொண்டிருந்தால், ஈறு மருத்துவருக்கு முன்னால் பல்சீரமைப்பு மருத்துவரைப் பாருங்கள். கம்பியை எடுத்து, வேரைத் திரும்ப உள்ளே நகர்த்தவேண்டியிருக்கலாம். அதைச் செய்தாலே ஈறின் நிலை ஓரளவு தேறுவதும் உண்டு. அதைச் செய்யாமல் ஒட்டு மட்டும் வைத்தால், தள்ளும் விசை அப்படியே இருக்கும். ஒட்டு எத்தனை நாள் தாங்கும்? இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்: கீழுதட்டைப் பிடித்து முன்னால் இழுக்கும்போது, உதட்டை ஈறோடு இணைக்கும் மெல்லிய சதைமடிப்பு அந்த ஈறு ஓரத்தையே பிடித்து இழுக்கிறதா? ஓரம் அசைந்தால், அங்கே பிரஷ் போடுவதே வலிக்கும். வலிப்பதால் சுத்தமும் குறையும்.

அம்மாவின் பற்கள் விழுந்ததை வைத்து நீங்கள் பயப்படுவது நியாயம். பற்கள் ஆடி ஒவ்வொன்றாக விழுவது பெரும்பாலும் பெரியோடான்டைடிஸ் என்ற ஈறு நோயால். பல்லோரத்தில் படியும் கிருமிப் படலம், அதற்கு உடல் காட்டும் எதிர்ப்பு, இரண்டும் சேர்ந்து பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கின்றன. இதற்கு ஆட்படும் தன்மை குடும்பத்தில் ஓடலாம். கட்டுப்படாத சர்க்கரை நோயும் புகையிலையும் அதை வேகப்படுத்தும். துலக்கும்போது ரத்தம், வாய் நாற்றம், பற்களுக்கிடையே புதிதாக விழும் இடைவெளி ஆகியவை அதன் அடையாளங்கள். ரத்தம் வராதது நல்ல அறிகுறிதான். புகைப்பவர்களுக்கு மட்டும் அதை நான் நம்பமாட்டேன். ஈறில் ரத்த ஓட்டம் சுருங்கி, நோய் உள்ளே முற்றியிருந்தாலும் வெளியே ரத்தம் காட்டாது. நீங்கள் புகைப்பதில்லை என்பதால் நிம்மதி. ஆனாலும் படத்தை வைத்து இந்த நோய் இல்லை என்று எழுதிக்கொடுக்க என்னால் முடியாது. அதற்கு ஈறை அளந்தே ஆகவேண்டும்.

அளப்பது என்றால் பெரிய வேலை ஒன்றுமில்லை. நுனி மழுங்கிய மெல்லிய கம்பி, அதில் மில்லிமீட்டர் கோடுகள். ஒவ்வொரு பல்லிலும் வெளிப்பக்கம் மூன்று இடம், உட்பக்கம் மூன்று இடம் என்று ஆறு இடங்களில், ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மெல்ல இறக்கிப் பார்ப்பார்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் இயல்பு. அதோடு, எனாமல் கோட்டிலிருந்து ஈறு ஓரம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும் குறிப்பார்கள். இரண்டையும் கூட்டினால் பல் எவ்வளவு பிடிமானத்தை இழந்திருக்கிறது என்று தெரியும். ஈறு 2 மில்லிமீட்டர் இறங்கி, ஆழம் 1 மில்லிமீட்டர் இருந்தால் இழப்பு 3. ஈறு இறங்கவே இல்லை, ஆனால் ஆழம் 7 என்றால் நிலைமை அதைவிட மோசம். கண்ணாடியில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் இறக்கத்துக்குப் பயந்து ஓடிவருபவர்களைவிட, கண்ணுக்குத் தெரியாத இந்த ஆழத்தோடு நிம்மதியாக இருப்பவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. எண்களோடு ஓர் எக்ஸ்ரேயும் எடுத்தால் இடுக்கு எலும்பின் உயரம் தெரிந்துவிடும். உங்கள் இடுக்கு எலும்பு நன்றாக இருந்தால், அம்மாவுக்கு வந்தது உங்களுக்கு வரவில்லை என்று தைரியமாக இருக்கலாம்.

கிளீனிங் பற்றிய பயம் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். அதில் ஒரு துளி உண்மையும் இருக்கிறது. பல்லோரத்தில் காரை கட்டி ஈறு வீங்கியிருப்பவருக்கு, காரையை எடுத்ததும் வீக்கம் வற்றும். வற்றினால் ஈறு சுருங்கி, இதுவரை மறைந்திருந்த வேர் தெரியும். காரை அடைத்திருந்த இடுக்குகளும் திறந்துகொள்ளும். பற்களைச் சேர்த்துப் பிடித்திருந்த காரை போனதும், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல் ஆடுவது தெரியவரும். எலும்பு கரைந்தது கிளீனிங்குக்கு முன்னால்; கண்ணில் பட்டது பின்னால். பழி கிளீனிங் மேல் விழுகிறது. உங்களுக்குக் காரை அதிகமில்லை என்றால் இந்த மாற்றமும் பெரிதாக இருக்காது. ஆனால் கிளீனிங் செய்பவரிடம் வேர் வெளியே தெரியும் பற்களை முன்கூட்டியே காட்டுங்கள். அங்கே கருவியின் வேகத்தைக் குறைக்கலாம், தேவைப்பட்டால் மரத்துப்போகும் மருந்தும் தடவலாம். பளபளப்பாக்கும் பசையால் வெறும் வேரை நீண்ட நேரம் தேய்க்கவேண்டிய அவசியமில்லை.

இனி நீங்கள் இன்றே மாற்றவேண்டியது பிரஷ் பிடிக்கும் விதம். மென்மையான முட்கள் உள்ள, தலை சிறிய பிரஷ் வாங்குங்கள். முழுக் கையால் இறுக்கிப் பிடிக்காமல், பேனா பிடிப்பது மாதிரி விரல்களால் பிடியுங்கள். அப்படிப் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் அழுத்தம் ஏறாது. முட்களைச் சாய்வாக, பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி வைத்து, இருந்த இடத்திலேயே லேசாக அதிரவிட்டு, அப்புறம் பல் நுனி நோக்கி உருட்டி எடுங்கள். மேற்பல்லுக்கு மேலிருந்து கீழே, கீழ்ப்பல்லுக்குக் கீழிருந்து மேலே. பாத்திரம் விளக்குவது மாதிரி குறுக்கே இழுக்கும் பழக்கம் போவதுதான் கஷ்டம். கை தன்னை அறியாமல் பழைய தடத்துக்குத் திரும்பும். அதனால் முதல் சில வாரங்கள் கண்ணாடி முன் நின்றே துலக்குங்கள். எப்போதும் இடப்பக்கக் கோரைப்பல்லில் ஆரம்பிப்பவராக இருந்தால், இனி வேறு மூலையில் ஆரம்பியுங்கள். பிரஷில் பேஸ்ட்டும் கையில் வேகமும் அதிகம் இருப்பது முதல் இடத்தில்தான். அழுத்தினால் எச்சரிக்கும் மின்பிரஷ் நல்ல ஆசிரியர். வசதியிருந்தால் வாங்கலாம், கட்டாயமில்லை.

நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் போதும். மூன்றாவது வேளை வேண்டாம். புளிப்பான பானம் குடித்தவுடனும் வாந்தி எடுத்தவுடனும் துலக்காதீர்கள். அமிலம் பட்ட வேர் சற்று மென்மையாகியிருக்கும். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். ஒரு எச்சரிக்கை: 'பிரஷால் ஈறு இறங்கிவிட்டது' என்று கேட்டவுடன் பயந்து அந்தப் பற்களைத் தொடாமலே விடுபவர்கள் உண்டு. அங்கே அழுக்கு படிந்து வீங்கினால் மெல்லிய ஈறு இன்னும் வேகமாக விலகும். மென்மையாகத் துலக்கவேண்டும், துலக்காமல் விடக்கூடாது. இடுக்குகளுக்கு ஃப்ளாஸ் நூலோ, இடுக்குப் பிரஷோ பயன்படுத்துங்கள். இடுக்குப் பிரஷின் அளவை மருத்துவரிடமே கேட்டு வாங்குங்கள்; முழுசாக இருக்கும் இடுக்கில் பெரிய பிரஷைத் திணித்தால் அந்த முக்கோண ஈறும் போய்விடும்.

கூச்சத்துக்குக் காரணம், வேரின் மெல்லிய படலத்துக்கு அடியிலுள்ள டென்டின் என்ற பகுதியில் இருக்கும் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள். அவற்றுக்குள் திரவம் இருக்கிறது. குளிர்ச்சியோ காற்றோ பட்டதும் அந்தத் திரவம் அசைந்து உள்ளே நரம்பைத் தூண்டுகிறது. சுவீடனைச் சேர்ந்த பிரான்ஸ்ட்ரோம் 1960களில் நிறுவிய இந்த விளக்கம்தான் இன்றும் ஏற்கப்படுகிறது. எனவே சிகிச்சை இரண்டு வகை: நரம்பை அமைதிப்படுத்துவது, அல்லது குழாய் வாய்களை அடைப்பது. 5 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் முதல் வகை. ஸ்டேனஸ் ஃப்ளோரைடு, அர்ஜினைன் உள்ளவை இரண்டாம் வகை. எதுவானாலும் இரண்டு முதல் நான்கு வாரம் விடாமல் பயன்படுத்தினால்தான் பலன் தெரியும். நாலு நாளில் 'கேட்கவில்லை' என்று மாற்றாதீர்கள். துலக்கியபின் துப்பினால் போதும். தண்ணீர் ஊற்றி நன்றாகக் கொப்பளித்தால் மருந்தும் போய்விடும். இரவில் படுக்குமுன் பட்டாணி அளவு பேஸ்ட்டை விரலால் அந்த வேர்களில் தடவிவிட்டுத் தூங்கலாம். அதிலும் அடங்காவிட்டால் மருத்துவமனையில் ஃப்ளோரைடு வார்னிஷ் தடவுவார்கள். இது கூச்சத்துக்கு மட்டுமல்ல, வேர்ச் சொத்தையைத் தடுக்கவும் உதவும். எனாமலைவிட லேசான அமிலத்திலேயே வேர் கரைய ஆரம்பித்துவிடும் என்பதால் அது உங்களுக்கு முக்கியம்.

கூச்சம் என்றால் சுரீர் என்று வந்து, குளிர்ச்சி விலகியதும் போய்விட வேண்டும். தண்ணீர் குடித்து முடித்தபிறகும் நிமிடக்கணக்கில் வலி நின்றாலோ, இரவில் எழுப்பினாலோ, கடிக்கும்போது குத்தினாலோ அது கூச்சம் இல்லை. சொத்தையோ விரிசலோ இருக்கலாம். பேஸ்ட்டை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே காட்டுங்கள்.

நகம் தட்டும் பள்ளம் ஆழமாக இருந்தால் பல்நிறச் சிமென்டாலோ ரெசினாலோ அடைக்கலாம். ஆனால் அந்தப் பல்லுக்குப் பிற்பாடு ஈறு ஒட்டு வைக்கும் எண்ணம் இருந்தால் அடைக்கும் முன் ஈறு நிபுணரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எதுவரை அடைப்பது, எதுவரை ஈறால் மூடுவது என்று முன்பே திட்டமிட்டால் நல்லது.

இப்போது அறுவை சிகிச்சை. நான் அதற்கு எதிரியில்லை. சரியான பல்லில், சரியான காரணத்துக்குச் செய்தால் அருமையான சிகிச்சை அது. மேலண்ணத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, மேல்தோலுக்கு அடியிலிருந்து 1 முதல் 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள இணைப்புத்திசுவை எடுப்பார்கள். அதை வேரின் மேல் வைத்து, இருக்கும் ஈறைத் தளர்த்தி இழுத்து அதன்மேல் மூடி, மெல்லிய நூலால் தைப்பார்கள். லாங்கர் என்ற பெயருள்ள இரண்டு மருத்துவர்கள் 1985இல் இதை எழுதிய பின் முறைகள் பல வந்துவிட்டன. ஈறைக் கீறாமல் சுரங்கம் மாதிரி வழி செய்து திசுவை உள்ளே நுழைப்பதும் உண்டு. அண்ணத்தில் எடுக்க விருப்பமில்லாதவர்களுக்குப் பதப்படுத்திய கொலாஜன் படலம் வைக்கலாம். ஆனால் பெரும்பாலான நிலைமைகளில் சொந்தத் திசுவின் பலனுக்குத்தான் இன்னும் முதலிடம்.

வெறும் வேரிலிருந்து ஒட்டுக்கு ரத்தம் கிடைக்காது. இருபக்க இடுக்கு ஈறிலிருந்தும் மேலே மூடிய ஈறிலிருந்தும்தான் வரவேண்டும். அதனால்தான் இடுக்கு ஈறும் எலும்பும் முழுசாக இருக்கும் பல்லில் வேரை முழுவதும் மூட வாய்ப்பிருக்கிறது. இடுக்கு இழப்பு வெளிப்பக்க இழப்பைவிட அதிகமான பல்லில் முழுவதும் மூடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கக்கூடாது. கைரோ என்பவர் 2011இல் வகுத்த ஆர்.டி. 1, 2, 3 என்ற பிரிவு இதைத்தான் சொல்கிறது. உங்கள் மேற்பற்கள் ஆர்.டி. 1 ஆக, அதாவது இடுக்கு இழப்பே இல்லாத வகையாக, இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். செய்ய முடியும் என்பதும் செய்ய வேண்டும் என்பதும் வேறு. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறங்கி, நின்றுபோய், கூச்சமும் அடங்கி, சிரிக்கும்போது உங்களுக்கு உறுத்தாமல் இருக்கும் ஈறுக்கு ஒட்டு அவசியமில்லை. கண்காணித்தால் போதும். அளவு கூடிக்கொண்டே போனாலோ, கூச்சம் எதற்கும் மசியாவிட்டாலோ, வேரில் சொத்தை ஆரம்பித்தாலோ, பிடிப்பான ஈறே மிச்சமில்லாமல் பிரஷ் பட்டாலே வலித்தாலோ, அழகுக்காக உங்களுக்கே வேண்டும் என்று தோன்றினாலோ செய்யலாம். அழகும் நியாயமான காரணம்தான், அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். இறக்கத்தை அடியோடு மறந்துவிட்டால் அது காலப்போக்கில் கூடத்தான் செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

செய்துகொண்டால் முதல் சில நாள் வாயில் அதிகம் வலிக்கும் இடம் ஒட்டு வைத்த இடமல்ல, திசு எடுத்த அண்ணம்தான். தையல் பிரிக்கும்வரை ஒன்றிரண்டு வாரம், அதற்குப் பின்னும் மருத்துவர் சொல்லும்வரை, அங்கே பிரஷ் படக்கூடாது. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவத்தால் கொப்பளிக்க வேண்டும். உதட்டைத் தூக்கித் தூக்கிக் கண்ணாடியில் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் பலருக்கும் பெரிய சோதனை. அந்த இழுப்பில் தையல் அறுந்துவிடும். ஈறின் இறுதி வடிவம் தெரிய ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். பழைய மாதிரியே துலக்கினால் புதிய ஈறும் இறங்கும். ஒட்டுக்கு முன்னாலேயே பிரஷ் பழக்கத்தை மாற்றச் சொல்வது இதனால்தான்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யும் வரிசை இது. முதலில் ஈறு நோய் நிபுணர் ஒருவரிடம் ஆறு இடங்களிலும் அளந்து, அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதே நாளில் படமும் எடுக்கச் சொல்லுங்கள். கிளீனிங் தேவையென்றால் செய்துகொள்ளுங்கள். பின்கம்பியையும் கீழ்ப்பல்லின் வேரையும் பல்சீரமைப்பு மருத்துவரிடம் காட்டுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், நான்கில் எனக்கு அவசரமாகத் தெரிவது அந்த ஒரு பல்தான். மேற்பற்கள் மூன்றுக்கும் புதிய பிரஷ், கூச்சத்துக்கான பேஸ்ட். மூன்று மாதம் கழித்துக் கூச்சம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் அதே மருத்துவரிடம் திரும்ப அளந்து பாருங்கள். கை மாறினால் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் சாதாரணமாக வரும், அதனால் ஒரே கை அளப்பது நல்லது. எண் நகரவில்லை என்றால் அறுவை சிகிச்சையை ஒத்திவைக்கலாம். நகர்ந்தால் நகர்ந்த பல்லுக்கு மட்டும் செய்யலாம். இடையில் சீழ் வந்தாலோ, ஏதாவது பல் ஆடுவது தெரிந்தாலோ, ஒரே பல்லில் திடீரென்று ஈறு ஆழமாக விலகினாலோ ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே போய்விடுங்கள்.